13 வயதுப் பையனுக்கு 45 வயது ரத்தக்குழாய்

அக்கா பையனுக்குப் பின்கழுத்தில் கருப்பாக ஒரு வளையம் விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அக்கா அதை அழுக்கு என்றே நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலில் கடலைமாவு போட்டுத் தேய்ப்பாள். மறு வாரம் எலுமிச்சம்பழ மூடி. அதற்கும் போகவில்லை என்றால் பீர்க்கங்காய் நார். கழுத்து எரிந்ததுதான் மிச்சம், கருப்பு அப்படியே இருந்தது. "ஒழுங்கா சோப்புப் போட்டுக் குளிச்சாத்தானே?" என்று அவனுக்குத் திட்டு வேறு.

போன வருடம் ஜூலையில் பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் எடுத்தார்கள். பி.டி. சார் இவனைப் பார்த்ததும், "ஆளு நல்ல கனம், குண்டு எறிதலுக்குப் பேர் குடுடா" என்று சொல்லிவிட்டார். ஒரு விளையாட்டுக்குத் தன்னை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரிடம் கையெழுத்து வாங்கிவர ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். அத்தான் ஊரில் இல்லாததால் நானும் கூடப் போனேன்.

எடை 64 கிலோ. உயரம் 152 சென்டிமீட்டர். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டு, பிரஷர் பார்க்கிற பட்டையை எடுத்து அவன் கையில் சுற்றினார். பிள்ளைகளுக்கு என்று வைத்திருக்கிற பட்டை அது. காற்றை ஏற்றியதும் ஒட்டுப்பட்டை பிரிந்துகொண்டது. மறுபடி சுற்றினார், மறுபடி பிரிந்தது. அலமாரியைத் திறந்து பெரியவர்களுக்கான பட்டையை எடுத்தார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. "சின்னப் பட்டையை இழுத்துக் கட்டி அளந்தா, பிரஷர் இல்லாத பிள்ளைக்கும் கூடுதலாக் காட்டும். அதனாலதான் மாத்துறேன்" என்றார். மூன்று தடவை, நடுவே சில நிமிடங்கள் விட்டு விட்டு அளந்தார். மூன்றாவது அளவு 132/84.

பிறகு அவன் சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். அக்கா முந்திக்கொண்டு, "எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது டாக்டர்" என்றாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே தேய்க்காதீங்கம்மா. இது அழுக்கு இல்ல. உள்ளே இன்சுலின் அதிகமாச் சுரக்குதுன்னு தோல் எழுதிக் காட்டுது."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருடமாகப் பிள்ளையைத் திட்டியது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

அந்தக் கருப்புக்கு மருத்துவத்தில் 'அகாந்தோசிஸ் நைகிரிகான்ஸ்' என்று பெயர். பின்கழுத்து, அக்குள், சில பிள்ளைகளுக்குத் தொடை இடுக்கு, முழங்கை மடிப்பு இங்கெல்லாம் தோல் கறுத்து, தடவினால் வெல்வெட் துணி போல இருக்கும். இதன் கதையைப் புரிந்துகொண்டால், எடை எப்படி இதயத்தைப் போய்த் தொடுகிறது என்பதில் பாதி புரிந்துவிடும்.

நாம் சாப்பிடும் சோறும் தோசையும் சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையைத் தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் அனுப்புவது இன்சுலின். உடம்பில் கொழுப்பு அளவுக்கு மீறிச் சேரும்போது, முக்கியமாக வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேரும்போது, இன்சுலின் சொல்லுக்குத் தசை செவிசாய்ப்பதில்லை. கணையம் விடுவதில்லை, ஒரு பங்கு சுரந்த இடத்தில் இரண்டு பங்கு, மூன்று பங்கு சுரக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் நின்றுவிடும். பரிசோதனை செய்தால் 'சுகர் நார்மல்' என்றே வரும். வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் கூடுதலாகச் சுரந்த இன்சுலின் மற்ற உறுப்புகளிடம் போய் வேலை காட்டுகிறது. தோலின் செல்கள் அதைப் பார்த்துப் பெருகிக் கறுக்கின்றன. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; உப்போடு நீரும் தங்குகிறது; ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்தை விரட்டுகிற நரம்புகள் முடுக்கப்படுகின்றன. கல்லீரலோ ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை ரத்தத்தில் கொட்டுகிறது. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். குறைகிறது. வெளியே தெரிவது கழுத்துக் கருப்பு ஒன்றுதான்.

இதயத்தின் பக்கம் வருவோம். சேர்ந்த சதை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் பாரம் இல்லை. அதற்கும் ரத்தம் வேண்டும். உடம்பு பெருக்கப் பெருக்க ஓடுகிற ரத்தத்தின் அளவும் கூடுகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிகமாகத் தள்ள வேண்டியிருக்கிறது. எதிரே பிரஷரும் கூடியிருப்பதால் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிற உறுப்பு அது. நாளடைவில் இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. 'தசை தடித்தால் பலம்தானே?' என்று தோன்றும். கைத்தசைக்கு அது சரி. இதயத்தின் சுவர் தடித்தால் விறைத்துப்போகிறது. சுருங்குவது போலவே தளர்வதும் அதன் வேலை, அந்தத் தளர்வு கெடுகிறது. எடை கூடிய பிள்ளைகளுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்போது இந்தத் தடிப்பு பலரிடம் தெரிகிறது. பிள்ளைக்கு நெஞ்சுவலி இருக்காது, படபடப்பு இருக்காது. மாடி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கும். "உடம்பு கொஞ்சம் பூசினாப்புல இருக்கு, அதான்" என்று வீட்டில் சொல்வார்கள்.

ஒரு சிற்றூர் சொன்ன உண்மை

மாரடைப்பு என்பது ஐம்பது வயதுக்காரர்களின் நோய் என்றுதான் வெகுகாலம் உலகம் நினைத்திருந்தது. முதல் அதிர்ச்சி 1953இல் வந்தது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை ராணுவ மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு மேல் இதய ரத்தக்குழாயில் நோயின் தடம் இருந்தது. போருக்குத் தகுதியானவர்கள் என்று தேர்ந்தெடுத்து அனுப்பிய இளைஞர்கள் அவர்கள்.

அப்படியென்றால் அது எப்போது தொடங்கியது? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் போகலூசா என்ற சிறிய ஆலை நகரத்தில். அந்த ஊரில் பிறந்து, இதய மருத்துவராக ஆன ஜெரால்டு பெரன்சன், 1973இல் தன் ஊர்ப் பிள்ளைகளை அளக்கத் தொடங்கினார். கறுப்பினப் பிள்ளைகள், வெள்ளையினப் பிள்ளைகள் எல்லோரையும். எடை, உயரம், ரத்த அழுத்தம், ரத்தத்தில் கொழுப்பு. சில வருடம் கழித்து அதே பிள்ளைகளைக் கூப்பிட்டு மறுபடி அளந்தார். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி, அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகும் அளந்துகொண்டே இருந்தார்.

ஊர் என்றால் விபத்துகளும் நடக்கும். இளம் வயதில் விபத்திலும் வேறு வகையிலும் இறந்துபோனவர்களின் ரத்தக்குழாய்களைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்த 204 பேர், 2 வயதிலிருந்து 39 வயது வரை உள்ளவர்கள். 1998இல் வெளியான அந்த ஆய்வைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்தது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீடு இருக்கிறது. அந்தப் பிள்ளைகளால்தான் நமக்கு இது தெரியும்: பள்ளியில் படிக்கும் வயதிலேயே ரத்தக்குழாயின் உள்சுவரில் மஞ்சள் கோடுகளாகக் கொழுப்புப் படியத் தொடங்கிவிடுகிறது. உயிரோடு இருந்தபோது எடுத்த அளவுகளையும் இந்தப் படிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூடுதல் எடை, பிரஷர், ட்ரைகிளிசரைடு, கெட்ட கொலஸ்ட்ரால் இவற்றில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு இதய ரத்தக்குழாயின் உள்பரப்பில் 1.3 சதவீதம்தான் கொழுப்புக் கோடுகள். மூன்றோ நான்கோ சேர்ந்திருந்தவர்களுக்கு 11 சதவீதம். கோடு முற்றித் தடிப்பாக மாறிய பகுதி 0.6 சதவீதத்திலிருந்து 7.2 சதவீதமாக, 12 மடங்கு, ஏறியிருந்தது.

இந்த நான்கும் பெரும்பாலும் தனித்தனியாக வருவதில்லை என்பதுதான் எடையைப் பற்றிப் பேச வேண்டிய காரணம். பிள்ளைக்கு எடை ஏறினால் மற்ற மூன்றும் பலருக்குப் பின்னாலேயே வருகின்றன.

உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்குக் கத்தி வைக்காமலே இதைப் பார்க்க இன்று வழி உண்டு. கழுத்து ரத்தக்குழாயின் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அல்ட்ராசவுண்டில் அளக்கலாம். அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியில் பணியாற்றும் குழந்தை இதய மருத்துவர் கீதா ரகுவீர், உடல்பருமனோ கொழுப்புக் கோளாறோ உள்ள 70 பிள்ளைகளை இப்படிப் பரிசோதித்து, 2008இல் முடிவை அறிவித்தார். பிள்ளைகளின் சராசரி வயது 13. அவர்களுடைய ரத்தக்குழாய்ச் சுவர், 45 வயதுக்காரர்களுடையது போல இருந்தது.

இஸ்ரேலில் ராணுவச் சேவைக்கு முன் இளைஞர்களை மருத்துவர்கள் அளப்பது வழக்கம். 1967 முதல் 2010 வரை அப்படி அளக்கப்பட்ட 23 லட்சம் பேரின் பதிவுகளை எடுத்து, பின்னாளில் இதய நோயால் இறந்தவர்கள் யார் என்று பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. பதின்பருவத்தில் எடை ஏற ஏற, பிற்காலத்தில் இதய நோயால் இறக்கும் ஆபத்தும் ஏறியது. இதில் கவனிக்க வேண்டியது, 'இயல்பான எடை' என்று நாம் சொல்லும் எல்லைக்குள்ளேயே, அதன் மேல்பகுதியில் இருந்தவர்களுக்கே ஆபத்து ஏறத் தொடங்கிவிட்டது.

ஒல்லியாகத் தெரியும் நம் பிள்ளைகள்

அமெரிக்கப் பிள்ளைகளின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் உடம்பின் கதை இன்னும் கவலைக்குரியது. பூனே கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் பல ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறார். 2004இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. அவரும், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3, அச்சாக ஒன்று. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். யாஜ்னிக் பூனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் அளந்தார். இங்கிலாந்துக் குழந்தையைவிட எடை குறைந்து பிறக்கும் நம் குழந்தைக்குத் தசைதான் குறைவு. கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே ஊளைச்சதை. அதோடுதான் நம்மவர்கள் பிறக்கிறார்கள்.

டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வும் 2004இல்தான் வந்தது. பிறந்து இரண்டு வயதுவரை மெலிவாக இருந்து, பிறகு பன்னிரண்டு வயதுவரை மளமளவென்று எடை கூடியவர்களுக்கே முப்பது வயதை ஒட்டிச் சர்க்கரைக் கோளாறு அதிகமாக வந்திருந்தது. அவர்களில் ஒருவர்கூடப் பன்னிரண்டு வயதில் 'குண்டு' என்று சொல்லும்படி இல்லை. சர்க்கரைக் கோளாறு இதயத்தின் பக்கத்து வீட்டுக்காரன் என்பது நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும்.

அதனால்தான் இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் எல்லையைக் கீழே இறக்கிப் போட்டது. மேல்நாட்டில் பெரியவர்களுக்கு பி.எம்.ஐ. 25 தொட்டால் கூடுதல் எடை, 30 தொட்டால் உடல்பருமன். நம் பிள்ளைகளுக்கு 23க்கும் 27க்கும் இணையான கோடுகள். பிள்ளையின் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்து அந்தக் கோடு மாறும் என்பதால், பெரியவர்களின் கணக்கை அப்படியே பிள்ளைக்குப் போடக் கூடாது. அட்டவணையில் புள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

டாக்டரம்மா எங்களுக்கு இன்னொரு வழியும் காட்டினார். கட்டு போடும் துணியை உச்சந்தலையிலிருந்து பாதம்வரை பிடித்து, பையன் உயரத்துக்கு வெட்டினார். அதை இரண்டாக மடித்தார். மடித்த துணியைத் தொப்புளுக்கு நேராக வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். இரண்டு நுனியும் தொட வேண்டும். தொடவில்லை, நடுவே நான்கு விரல் இடைவெளி. இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பள்ளிக்குப் போகிற பிள்ளையிலிருந்து பெரியவர்வரை எல்லோருக்கும் இது பொருந்தும், தராசுகூட வேண்டாம். குழந்தைக்கு அரைஞாண் கயிறு கட்டிப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிய வேலை இல்லை.

அன்று ராத்திரி அதே முறையில் பையன் வீட்டில் எல்லோரையும் அளந்தான். ஆளுக்கு ஒரு கயிறு வெட்டினான். அக்காவுக்கு நுனி தொடவில்லை. எனக்கும் தொடவில்லை. அந்தக் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 51 பள்ளிகளில் 18,955 பிள்ளைகளை அளந்த ஆய்வு 2014இல் வெளியானது. தனியார் பள்ளிகளில் 21.4 சதவீதம் பிள்ளைகள் கூடுதல் எடை அல்லது உடல்பருமன். அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம். ஒரே ஊர், ஒரே வெய்யில். வீட்டுக்கு வந்த பணம் பிள்ளைகளின் உடம்பில் எப்படி இறங்கியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நாடு முழுவதும் எடுத்தால், 1990இல் 5 வயது முதல் 19 வயதுவரை உடல்பருமன் உள்ளவர்கள் 4 லட்சம் பேர். 2022இல் 1 கோடியே 25 லட்சம்.

இந்தப் பணக்கார–ஏழைக் கணக்கும் நிலைக்கும் என்று நான் நம்பவில்லை. கிராமத்துப் பெட்டிக் கடைகளில் சரம் சரமாகத் தொங்குகிற ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகளைப் பாருங்கள். கடலை மிட்டாயும் பொரி உருண்டையும் இருந்த கண்ணாடி ஜாடிகளின் இடத்தில் அவை தொங்குகின்றன.

ஒரு நாளை எழுதிப் பார்த்தோம்

டாக்டரம்மா மாத்திரை எழுதவில்லை. "வெவ்வேறு நாள்ல இன்னும் ரெண்டு தடவை அளந்துட்டுத்தான் பிரஷர்னே சொல்லுவேன்" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அக்காவுக்குப் பயம். "பிரஷர் இருக்குன்னா விளையாடலாமா டாக்டர்? வேணாம்னு சொல்லிடட்டுமா?" டாக்டரம்மாவுக்கு முகம் மாறியது. "இவன் விளையாடறதுதாம்மா வைத்தியமே. அதைப் போய் நிறுத்தாதீங்க." ஒரு வேலை மட்டும் கொடுத்தார்: ஒரு வாரம் அவன் சாப்பிடுவதையும் கால் நடப்பதையும் ஒளிக்காமல் எழுதி வரவேண்டும்.

எழுதினோம். காலை ஏழு மணிக்கு டம்ளர் நிறையப் பால், அதில் மூன்று ஸ்பூன் மால்ட் பவுடர், 'அது இனிக்கவே இல்ல' என்பதால் மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரை. ஏழேகாலுக்கு வீட்டு வாசலிலேயே வேன். பத்தரை மணிக்குக் கேன்டீனில் பப்ஸ். மதியம் டப்பாவில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல்; பொரியல் வைத்தால் திரும்பி வரும், அதனால் அக்கா வைப்பதையே நிறுத்தியிருந்தாள். நாலரைக்கு வீடு, சிப்ஸ், கையில் செல். ஐந்தரைக்கு டியூஷன், வழியில் ஒரு பாட்டில் ஜூஸ். இரவு ஒன்பதரைக்கு நாலு தோசை, அல்லது ஆப்பில் வரவழைத்த பரோட்டா. படுக்கும்போது பதினொன்றரை. நடந்தது: வேனிலிருந்து வகுப்புவரை, லிஃப்டிலிருந்து கதவுவரை.

வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட். அவற்றில் ஒன்றைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டார். பரீட்சை மாதத்தில் இரண்டையும். 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகத்தில் பதின்பருவப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு அது கிடைப்பதில்லை. இந்தியாவில் நான்கில் மூன்று பேருக்கு. பி.டி. பீரியடைப் பறிப்பது ஒரு பாடத்தைப் பறிப்பதைவிடப் பெரிய தவறு. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி எழுந்து பேசுகிற நாம், இதைப் பற்றி ஒரு தடவையாவது எழுந்து கேட்டிருக்கிறோமா?

மால்ட் பவுடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'உயரமாவான், புத்திசாலியாவான்' என்று நாற்பது வருடமாக டி.வி. சொல்லி நம் அம்மாக்கள் நம்பிய பொருள் அது. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள், 100 கிராமில் சர்க்கரை எத்தனை கிராம் என்று. இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் போட்டு விற்கக் கூடாது என்று இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. கோலா வகைப் பானங்களில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் சர்க்கரை; ஒரு சின்ன பாட்டிலிலேயே ஐந்து ஸ்பூன். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது என்று 2020இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் நின்று ஐம்பது மீட்டர் நடந்து பாருங்கள். நான் நடந்தேன். பதினோரு கடை எண்ணினேன். விளம்பரப் பலகை இல்லாத கடை ஒன்றுதான், அதில் நோட்டுப் புத்தகம் விற்றார்கள்.

எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, எங்களுக்குத் தோன்றாத ஒன்றை டாக்டரம்மா கேட்டார். "குறட்டை விடுவானா?" அக்கா சந்தோஷமாகவே தலையாட்டினாள். "அசந்து தூங்குவான் டாக்டர், பக்கத்து ரூமுக்குக் கேக்கும்." பிள்ளை குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. தொண்டையைச் சுற்றிச் சதை போட்டு மூச்சுப் பாதை குறுகும்போது, தூக்கத்தில் மூச்சு அவ்வப்போது அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது, இதயம் உதறுகிறது, பிரஷர் எகிறுகிறது. ராத்திரி முழுக்க இது நடந்தால், காலையில் வகுப்பில் தூங்கி வழிகிற பிள்ளையைச் 'சோம்பேறி' என்கிறோம். வாரத்தில் பல நாள் சத்தமாகக் குறட்டை விடுகிற பிள்ளையைக் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

'தைராய்டாக இருக்குமோ' என்பது அக்காவின் அடுத்த சந்தேகம். எல்லாப் பெற்றோரும் கேட்கிற கேள்வி இது. இதற்கு டாக்டரம்மா சொன்ன பதில் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது. ஹார்மோன் கோளாறால் எடை போடும் பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்குக் குள்ளமாக இருப்பார்கள். சாப்பாட்டாலும் அசையாமல் இருப்பதாலும் எடை போடுகிறவர்கள் பெரும்பாலும் வயதுக்கேற்ற உயரத்திலோ அதற்கு மேலோ இருப்பார்கள். எடை ஏறுகிறது, உயரம் நின்றுவிட்டது என்றால் உடனே பார்க்க வேண்டும். மற்றபடி இவனுக்கு வேண்டியிருந்தது வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு அளவுகள், கல்லீரலுக்கு எஸ்.ஜி.பி.டி. என்ற சோதனை. பிரஷர் உறுதியானால் எக்கோ. சர்க்கரை சரியாக இருந்தது. ட்ரைகிளிசரைடு கூடியிருந்தது, கல்லீரலிலும் கொழுப்பு.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாராவது பிள்ளையின் தட்டைப் பிடுங்கிவிடக் கூடாது. "பூசணிக்கா", "பீமா", "அரிசி மூட்டை" என்று சொந்தக்காரர்கள் கூப்பிடுவதைப் பாசம் என்று நினைக்கிறோம். பெண்பிள்ளை என்றால் "இப்படியே போனா எவன் கட்டுவான்" வேறு. அந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கூட்டத்தில் சாப்பிடாமல் இருந்துவிட்டு, யாருமில்லாதபோது பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள். விளையாட்டு மைதானத்துக்குப் போவதை நிறுத்துகிறார்கள். அவமானம் எந்தப் பிள்ளையையும் இளைக்க வைத்ததில்லை. சமையலறையில் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது பதிமூன்று வயதுப் பையன் இல்லை. பெட்டியில் சிப்ஸ் வாங்கி வைத்தது நாங்கள். டியூஷனில் சேர்த்தது நாங்கள். சைக்கிளில் போனால் லாரி இடிக்கும் என்று வேனில் ஏற்றியதும் நாங்கள்தான். அந்தப் பயம் பொய்யும் இல்லை; நடைபாதை இல்லாத தெருவில் எந்தத் தாய் பிள்ளையை விடுவாள்?

இருபத்து மூன்று வருடம் கழித்து

பெரன்சனின் போகலூசாப் பிள்ளைகளும், ஃபின்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்காவின் இன்னோர் ஊர் என்று மூன்று இடத்துப் பிள்ளைகளுமாக 6,328 பேரை, அவர்கள் வளர்ந்த பிறகு தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். சராசரியாக 23 வருட இடைவெளி. 2011இல் வெளியான அந்த முடிவைத்தான் எடை கூடிய பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். சிறுவயதில் எடை கூடியிருந்து, பெரியவரானபோதும் உடல்பருமனோடு இருந்தவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர், கெட்ட கொழுப்பு, கழுத்து ரத்தக்குழாயில் தடிப்பு எல்லாமே கூடுதல். சிறுவயதில் எடை கூடியிருந்து, வளரும்போது அதைவிட்டு இறங்கி வந்தவர்களுக்கு? எப்போதுமே எடை கூடாமல் இருந்தவர்களுக்கு எவ்வளவு ஆபத்தோ, ஏறக்குறைய அவ்வளவுதான். ரத்தக்குழாய் அந்த வருடங்களை மன்னித்துவிட்டது.

ஐம்பது வயதில் தடித்து, சுண்ணாம்பேறிப்போன குழாய்க்கு இந்தச் சலுகை இல்லை. பிள்ளையின் மஞ்சள் கோடு இன்னும் இளசு, கரையக் கூடியது. இன்னொரு சலுகையும் பிள்ளைக்கு மட்டும் உண்டு: அவன் வளர்கிறான். எடையைக் குறைக்கப் பட்டினி போட வேண்டியதில்லை. ஏறாமல் பிடித்து வைத்தாலே போதும், உயரம் வந்து சேர்ந்துகொள்ளும்.

எங்கள் வீட்டில் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. மால்ட் பவுடர் நின்றது. காலையில் நாலு இட்லி, சாம்பார் கிண்ணம் நிறைய. டப்பாவில் சாதம் ஒரு கை குறைந்து, சுண்டலோ முட்டையோ வந்தது. பொரியல் திரும்பி வந்தாலும் அக்கா வைத்துக்கொண்டே இருந்தாள், மூன்றாவது வாரம் பாதி காலியாக வந்தது. ஜூஸ் பாட்டிலுக்குப் பதில் தண்ணீர் பாட்டில். டியூஷனில் ஒன்றை நிறுத்தினார்கள். அத்தானுக்கு அதில் வருத்தம்தான். ராத்திரி ஒன்பதுக்கு மேல் செல் எல்லாம், எங்களுடையதும் சேர்த்து, சாமி அலமாரிப் பக்கத்தில். சிப்ஸ் வீட்டுக்குள் வருவதில்லை. பிறந்த நாள், கல்யாணம் என்று வெளியே தின்றால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பி.டி. சார் குண்டு எறிவதற்கு முன் மைதானத்தைச் சுற்றி ஓடவைத்தார். முதல் மாதம் ஒரு சுற்றுக்கே உட்கார்ந்துவிட்டவன், இப்போது ஆறு சுற்று ஓடுகிறான். போட்டியில் பரிசு வாங்கவில்லை. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து மார்ச்சில் போனோம். தராசில் 63 கிலோ. அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "எட்டு மாசத்துல ஒரே ஒரு கிலோவா டாக்டர்?"

டாக்டரம்மா உயரம் பார்த்தார், 158. அட்டவணையை எங்கள் பக்கம் திருப்பி, பழைய புள்ளியையும் புதுப் புள்ளியையும் பேனாவால் இணைத்தார். கோடு கீழே இறங்கியிருந்தது. பிரஷர் 122/76. "இன்னும் கொஞ்சம் இறங்கணும். இறங்கிடும்" என்றார். பிறகு அவன் காலரை விலக்கிப் பார்த்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். கருப்பு ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பையன் புதுசாக ஒரு கயிறு கேட்டான். "அது பழைய உயரத்துக்கு வெட்டினது மாமா, இப்ப செல்லாது." சுவரோடு சாய்ந்து நின்றான். தலையிலிருந்து பாதம்வரை நான் பிடித்து வெட்டிக் கொடுத்தேன். மடித்து, தொப்புளுக்கு நேரே சுற்றி, மூச்சை இழுக்காமல் நின்று, குனிந்து பார்த்தான்.

"இன்னும் ரெண்டு விரல் இருக்கு மாமா."

கயிற்றைச் சுருட்டி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டான்.